தூணும் நெல்லும்

சென்னை கிண்டியில் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழா விடுதியில் 600 அறைகள். செதுக்குத் தூண்களும் பளிங்குப் பெரும்படிகளும் சோழர் கட்டடக்கலையின் சாயலில் எழுந்திருக்கின்றன. அறைக்குள்ளோ கைக்கணினியைத் தொட்டால் விளக்கும் திரையும் இயங்குமாறு அமைத்தனர். உளி பிடித்த கைகளின் திறமையை மெச்சவே வேண்டும். ஆயினும் மரபென்று இங்கே எதனை எடுத்தார்கள்?

முன்மாதிரியாகக் கொண்டது தஞ்சைப் பெரிய கோயிலை. 1010இல் இராசராசன் நிறைவு செய்த அக்கோயிலின் சுவர்கள் கணக்கேடுகளுமாகும். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெருக்கள், ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என அனைத்தும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனும் பெயரோடு நிற்கிறான். கோயிலுக்கு இறுத்த ஊர்களின் வரிசையிலே ஈழத்து ஊர்களும் உண்டு. படையெடுத்துப் பிடித்த மண்ணின் விளைச்சல் அது! இரணைமடுக் குளத்தின்கீழ் விதைத்து, அறுத்து, கடனுக்கு அளந்து கொடுக்கும் நம் வன்னி உழவனுக்கு இந்தக் கணக்கை விளக்கவும் வேண்டுமோ?

விடுதிக்காரர் தூணை எடுத்துக்கொண்டனர்; நெற்கணக்கைத் தஞ்சையிலேயே விட்டுவிட்டனர். எஞ்சியது அரசனின் பெருமிதம் மாத்திரம். ஓரிரவு வாடகை தந்து தங்குவோர்க்கு அது போதும். சோழர் வரலாறு படிக்கும் நம் மாணவர்க்குப் போதாது.