கட்டைவிரல் கேட்கும் கைகள்

"கட்டைவிரலைக் கொடு!" கேட்டார் குரு. கொடுத்தான் சிறுவன். கைகூப்பி நின்று அந்தக் கதையைச் சொல்கிறது பாரதம்!

வேடர் தலைவனின் மகன் ஏகலைவன். வில்வித்தை பயில விரும்பித் துரோணரை நாடினான். பிறப்பைக் காட்டி ஏற்க மறுத்தார் ஆசிரியர். காட்டுக்குத் திரும்பினான், மண்ணால் அவர் உருவைச் சமைத்து வைத்தான், தானே பயின்றான், தானே தேர்ந்தான். குரைத்த நாயின் வாயை, அது மூடுமுன் ஏழு அம்புகளால் அடைத்தான். கண்டான் அருச்சுனன், கலங்கினான். தன்னை விஞ்சும் மாணவன் எவனும் இருக்கமாட்டான் என்று ஆசிரியர் தந்த வாக்குறுதியை அவருக்கு நினைவூட்டினான். காப்பாற்றப்பட்டது வாக்குறுதி, வலக்கைக் கட்டைவிரலின் விலையிலே!

இந்தக் கட்டத்தைக் கவிஞன் தீட்டியிருக்கும் விதத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். குருதி சிந்தும் இடத்திலே மகிழ்ச்சியைப் பூசியிருக்கிறான். முகம் வாடாமல், மனம் கலங்காமல் விரலை அறுத்துத் தந்தானாம் சிறுவன்! அருச்சுனனின் மனக்காய்ச்சல் தணிந்ததாம்! குருபக்தியின் சிகரம் என்று இதைப் போற்றிப் பரவசமடைந்தனர் கதை சொன்னோரும் கேட்டோரும். பரவசத்திலே ஒரு கேள்வியை மறந்தனர். சிறுவன் செய்த குற்றம் என்ன? களவாடினானா? பொய் சொன்னானா? இல்லை. நன்றாக எய்தான். அதுவே குற்றம்!

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருவது போலத் தோன்றும் மற்றொரு கதை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாரிசன் பெர்ஜெரான்' என்னும் சிறுகதை அது. கதை நடப்பது 2081-இல். எவரும் எவரையும் மிஞ்சக்கூடாது என்று அரசியல் சட்டமே திருத்தப்பட்டுவிட்ட நாடு. அழகுள்ளவருக்கு முகமூடி. வலிமையுள்ளவருக்கு உடலெங்கும் சுமை. அறிவுள்ளவர் காதிலே, எண்ணம் தொடர முடியாதபடி அடிக்கடி அலறும் கருவி. பதினான்கு வயது ஹாரிசன் ஏழடி உயரம். முந்நூறு ராத்தல் எடையை அவன்மீது ஏற்றியிருக்கிறார்கள். விலங்குகளை உடைத்தெறிந்து, தொலைக்காட்சி நிலையத்திலே எல்லோரும் காண ஆடுகிறான். அதிகாரி வருகிறாள், சுட்டுக் கொல்கிறாள். வீட்டில் அமர்ந்து அதைப் பார்த்த தாய் அடுத்த நொடியே மறந்துவிடுகிறாள்.

சில பக்கங்களே உள்ள கதை. எனினும் நெஞ்சிலே முள்ளாய்த் தைக்கிறது. மறுப்பதற்கில்லை. ஆனால், இந்த முள்ளைப் பிடுங்கி எவர் எவர் கையில் எடுத்துக்கொண்டனர் என்று பாருங்கள்! சமத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே சீறுவோர், "பார்த்தீர்களா சமத்துவத்தின் முடிவை! உயர்ந்தவனின் தலையைச் சீவுவதுதானே உங்கள் கொள்கை!" என்று இக்கதையைக் காட்டிக் கேட்கின்றனர்.

கேட்கட்டும். நாமும் ஒன்று கேட்போம். கதையிலே வேண்டாம், வாழ்க்கையிலே, திறமையுள்ள சிறுவர் சிறுமியரைத் தண்டித்தவர்கள் யார்? சமத்துவம் பேசியவர்களா? தம் இடம் பறிபோய்விடுமோ என்று அஞ்சியவர்களா? அதே அமெரிக்க நாட்டின் விளையாட்டுத் திடல்களிலேயே இதற்கு விடை தேடலாம். பேஸ்பால் அங்கே பிள்ளைகளின் பெருவிளையாட்டு. சிறுவர்க்கென்றே 'லிட்டில் லீக்' என்னும் அமைப்பு 1939-இல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரிலே தோன்றிற்று. ஒருவர் பந்து எறிய, எதிரணியினர் மட்டையால் அடிக்கும் எளிய ஆட்டம். எளிய ஆட்டத்துக்குள்ளே எத்தனை சூழ்ச்சி!

முதலில், சமத்துவத்தின் சாயல் படிந்த ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிலே நடந்தது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். அவன் எறியும் பந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 மைல். எட்டு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் ஆடும் போட்டியிலே அவன் அணி, ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வென்றிருந்தது. "இனி இவன் பந்து எறியக்கூடாது" என்று ஆணை பிறப்பித்தது போட்டியை நடத்திய கழகம். பயிற்சியாளர் மீண்டும் அவனை எறிய நிறுத்தினார். எதிரணி ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மட்டைகளைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. அணியையே கலைத்து, ஆட்டக்காரரைப் பிற அணிகளுக்குப் பங்கிடப் போவதாகக் கழகம் அறிவித்தது.

கழகத்தாரிடமும் ஒரு வாதம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. இது புதிதாகப் பயில்வோருக்கான போட்டி, பிள்ளைகள் அஞ்சுகின்றனர், அடிபடுமோ என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர் என்றனர். நியாயமான கவலைதான். ஆனால், அவன் எறிந்த பந்து எந்தப் பிள்ளைமீதும் பட்டதில்லை என்பதைக் கழகத்தின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். கவலைக்கு மருந்து என்ன? மேற்படிப் போட்டியிலே அவனுக்கு ஓர் இடம் தேடித் தந்திருக்கலாம். மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் பயிற்சி அளித்திருக்கலாம். இத்தனை ஆட்டத்தில் இத்தனை முறைதான் ஒருவர் எறியலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக வரையறுத்திருக்கலாம். பருவத்தின் நடுவிலே, ஒருவனை மட்டும் சுட்டி, "நீ எறியாதே" என்றது எந்த நீதி?

சிறுவனின் பெற்றோரும் பயிற்சியாளரும் சொன்ன காரணம் வேறு. முந்தைய ஆண்டு வாகை சூடிய அணி அவனைத் தன்னிடம் அழைத்ததாம். அவன் மறுத்து வேறு அணியிலே சேர்ந்தானாம். அந்த வாகை அணிக்குப் பொருளுதவி செய்தவரிடமே கழக நிர்வாகி ஒருவர் வேலை பார்த்தாராம். கழகம் இதை மறுத்தது; வேகம் ஒன்றே காரணம் என்றது. உண்மை எதுவாயினும் ஆகுக. விதி ஒருவனைப் பார்த்து எழுதப்படும்போது இத்தகைய ஐயம் எழாமல் இராது. எல்லோருக்கும் பொதுவாக எழுதிய விதியின்மீது இவ்வையம் ஒட்டாது!

இனிச் சமத்துவச் சாயல்கூட இல்லாத நிகழ்ச்சிக்கு வருவோம். 1950-இல் நியூயார்க் மாநிலத்து கார்னிங் நகரிலே கேத்ரின் ஜான்ஸ்டன் என்னும் சிறுமி பின்னலை வெட்டிக்கொண்டாள். ஆண்பிள்ளைப் பெயர் போன்ற புனைபெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டாள். லிட்டில் லீக் அணித் தேர்விலே வென்றாள். பிறகு தான் பெண் என்பதைச் சொன்னாள். ஆடத் தெரிந்தவள் என்று பயிற்சியாளர் வைத்துக்கொண்டார். தலைமையகம் என்ன செய்தது? அடுத்த ஆண்டே பெண்கள் ஆடக்கூடாது என்று விதி எழுதியது! "பெண்ணால் முடியாது" என்று நம்பியிருந்தால் விதி எதற்கு? முடியாத ஒன்றைத் தடைசெய்ய எவரும் மை செலவழிப்பதில்லை. முடிகிறது என்று கண்டபிறகே தடை பிறந்தது!

இருபத்தோராண்டு கழிந்தது. 1972-இல் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரிலே பன்னிரண்டு வயது மரியா பெப்பே களமிறங்கினாள். மூன்று ஆட்டங்கள் ஆடினாள். அவளை நீக்காவிட்டால் நகரத்து அணிகளுக்கெல்லாம் அங்கீகாரம் போகும் என்று மிரட்டல் வந்தது. விலக்கப்பட்டாள். வழக்கு நடந்தது. பெண்ணின் எலும்பு ஆணின் எலும்பைப் போல் உறுதியுடையதன்று என்றுகூட வாதிட்டனர்! 1973-இல் சிறுமியர் பக்கம் தீர்ப்பளித்தார் விசாரணை அதிகாரி சில்வியா பிரஸ்லர். 1974-இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது, கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே ஆயிரமாயிரம் சிறுமியர் நுழைந்தனர். மரியா மட்டும் நுழைய முடியவில்லை, வயது கடந்துவிட்டது! குழந்தைப் பருவம் வாய்தா கேட்டுக் காத்திருக்காது. பெரியவர்கள் ஓராண்டு தாமதித்தால் அது பிள்ளையின் வாழ்விலே ஓர் யுகம்.

மூன்றாவது நிகழ்ச்சி நிறவெறியின் நிழலிலே நடந்தது. 1955. தென் கரோலினா மாநிலத்து சார்ல்ஸ்டன் நகரிலே கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பதினொன்று, பன்னிரண்டு வயது நிரம்பிய கறுப்பினச் சிறுவர்கள் அணி அமைத்துப் போட்டிக்குப் பதிவு செய்தனர். மாநிலத்தில் இருந்த மற்ற 61 கழகங்களும் வெள்ளையருடையவை. அத்தனையும் விலகின! ஒரு பந்தும் எறியப்படவில்லை. ஒரு மட்டையும் சுழலவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற அச்சமா? தொட்டுவிடுவார்களோ என்ற அச்சமா? இரண்டும் ஒரு நோயின் இரு முகங்களே. எதிர்த்து ஆட ஆளின்றி மாநில வாகையராயினர் சிறுவர்கள். வேடிக்கை அதோடு முடியவில்லை. "ஆடாமல் வென்றவர் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாகாது" என்ற விதியைத் தூக்கிக்கொண்டு வந்தனர் லிட்டில் லீக் தலைமையகத்தார். ஆட மறுத்தவன் குற்றவாளி. தண்டனையோ ஆட வந்தவனுக்கு!

வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த இறுதிப் போட்டிகளுக்கு அந்தச் சிறுவர்களை விருந்தினராக அழைத்தனர். சீருடை அணிந்து, மேடைப் படிகளில் அமர்ந்து, பிறர் ஆடுவதைப் பார்க்க! அவர்களை ஆடவிடுங்கள் என்று திரண்டிருந்த மக்கள் முழங்கினர். மக்களுக்குப் புரிந்தது, விதிப்புத்தகத்துக்குப் புரியவில்லை. அவர்களுக்குரிய மாநில வாகைக் கொடி 2002-இல் வழங்கப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, நரைத்த தலையர்களின் கையிலே ஒரு சிறுவர் கொடி!

இப்போது வானகட்டின் கதைக்குத் திரும்புவோம். சார்ல்ஸ்டனிலே சுமை ஏற்றியவர் சமத்துவவாதியா? உயர்வு தாழ்வு கற்பித்தவர். ஹோபோக்கனிலே விலக்கியவர் சமத்துவவாதியா? பெண்ணுக்குத் தனி இலக்கணம் வகுத்தவர். துரோணர் சமத்துவவாதியா? ஓர் அரசகுமாரனுக்கு நிகராக எவனும் இருக்கலாகாது என்ற வாக்குறுதிக்கு அடிமைப்பட்டவர். ஆக, வாழ்க்கையிலே ஹாரிசனின் காலிலே விலங்கு பூட்டியது சமத்துவம் அன்று, சமத்துவத்தின் பகை! நியூ ஹேவனிலே மட்டுமே சமத்துவத்தின் மொழி பேசப்பட்டது. அங்கும் எல்லாப் பிள்ளைகளையும் உயர்த்தும் உழைப்பைத் தவிர்த்து, ஒருவனைத் தாழ்த்தும் எளிய வழியைத் தேர்ந்தனர். அதற்குப் பெயர் சமத்துவம் அன்று, சோம்பல்.

கதையையே சற்று நுணுகிப் படித்தாலும் இது விளங்கும். எல்லோரும் சமம் என்று சொல்லப்படும் அந்நாட்டிலே துப்பாக்கி ஒரு கையில்தான் இருக்கிறது. அதிகாரம் பங்கிடப்படவில்லை; திறமைதான் பறிக்கப்படுகிறது. அந்நாட்டைச் சமத்துவ நாடு என்று நம்புவோர், ஆள்வோரின் பலகையிலே எழுதியிருப்பதை நம்புகிறவர்களே. கதையின் குறை என்று ஒன்று சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும்: தவறாகப் படிப்பதற்கு அது அளவுக்கு மீறி இடம் தருகிறது.

தவறாகப் படித்தும் விட்டனர்! 2005-இல் கன்சாஸ் மாநிலத்திலே பள்ளிகளுக்கான நிதி குறித்த வழக்கு. வளமான வட்டாரத்து மாணவர்கள் சார்பிலே வாதாடிய வழக்கறிஞர்கள், செல்வர்தம் பள்ளிகளுக்கு அதிகப் பணம் திரட்டுவதைத் தடுக்கலாகாது என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் காட்டினர். அப்போது உயிருடன் இருந்த வானகட் மறுத்துரைத்தார்: தாம் எழுதியது அறிவையும் திறமையையும் பற்றி, செல்வம் அவ்விரண்டுக்கும் சான்றாகாது என்றார். பணப்பையைத் திறமை என்று மாற்றிப் பெயரிட்டவர்களுக்கு ஆசிரியரே தந்த அடி அது!

அப்படியானால் விளையாட்டிலே கட்டுப்பாடே கூடாதா? கூடும், வேண்டும். 2007-இல் லிட்டில் லீக், ஒரு சிறுவன் ஒரு நாளில் எறியும் பந்துகளுக்கு எல்லை வகுத்தது: ஒன்பது, பத்து வயதினருக்கு 75, பதினொன்று, பன்னிரண்டு வயதினருக்கு 85. வளரும் கையின் தசைநாரும் மூட்டும் பழுதாகாமல் காக்க, உடலியல் அறிவின் துணைகொண்டு வகுத்த எல்லை. வல்லவனுக்கும் அதே எண்ணிக்கை. வலுவற்றவனுக்கும் அதே எண்ணிக்கை. இதுவும் கையைத் தடுக்கும் விதிதான். ஆனால் விரலைக் காக்கும் விதி! துரோணரின் விதியோ விரலைக் கேட்கும் விதி.

இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். விதி எப்போது எழுதப்பட்டது, திறமை வெளிப்படுமுன்னா, வெளிப்பட்ட பின்னா? யாருக்காக எழுதப்பட்டது, எல்லோருக்குமா, ஒருவருக்கா? தடுத்தபின் வேறு வாயிலைத் திறந்ததா, தெருவிலே நிறுத்தியதா? திறமை கண்டபின், ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ குறித்து, வேறு வாயிலின்றி எழுதப்படும் எந்த விதியும், எந்த மொழியில் எழுதப்பட்டாலும், கட்டைவிரல் கேட்கும் விதியே.

மன்றங்களிலே போட்டி நடத்தும் தோழர்களே, மாணவர்க்கு ஆட்டம் பயிற்றும் இளைஞர்களே! பின்தங்கியோரைத் தூக்கிவிடுவது நம் கடமை. அதற்காக முன்னே ஓடுகிறவனின் காலை வாரிவிடச் சொன்னதில்லை எந்தச் சமதர்மமும். தோற்கும் பிள்ளைக்கும் நாம் கடன்பட்டவர்கள். அவனுக்குத் தரவேண்டியது பயிற்சி, பந்து, திடல், மீண்டும் ஒரு வாய்ப்பு. மிஞ்சியவனின் விரல் அன்று. வேகமாக எறிகிறவனைக் களத்தைவிட்டு அகற்றினால், எதிரே மட்டை பிடித்து நிற்கும் பிள்ளை கற்பது என்ன? தன்னைவிட வல்லவனைக் கண்டால் பயில வேண்டியதில்லை, பெரியவர்களிடம் முறையிட்டால் போதும் என்னும் பாடம். அருச்சுனன் அன்று காட்டிலே கற்ற அதே பாடம்.

ஏகலைவனின் விரலை எவராலும் ஒட்டவைக்க முடியாது. மரியாவின் பன்னிரண்டாம் வயதைத் திருப்பித் தர முடியாது. சார்ல்ஸ்டன் சிறுவர்கள் ஆடாத ஆட்டத்தை எந்தக் கொடியாலும் ஆடிவிட முடியாது. நாளைக்கு நம் திடலுக்கு வரும் பிள்ளையின் விரல் இன்னும் கையிலேதான் இருக்கிறது. அதைக் கேட்க எந்தக் குரு வந்தாலும், பக்தியின் பெயரால் வந்தாலும், பாதுகாப்பின் பெயரால் வந்தாலும், சமத்துவத்தின் பெயராலேயே வந்தாலும், இடையிலே எழுந்து நின்று சொல்லுங்கள்: "தரமாட்டோம்!"