புல்லியின் கியர் ராடு

கியர் லிவர் ஆடுகிற பல் மாதிரி ஆடுவதுதான் பழைய புல்லியின், அதாவது ஃபோக்ஸ்வாகன் வேனின், அழகு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. உடன்பாடில்லை. 1973 வண்டியின் லிவர் அப்படி ஆடினால் அது வண்டியின் சுபாவம் அல்ல. புஷ் தேய்ந்து பல வருஷமாகிவிட்டது, யாரும் கீழே படுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என்ஜின் வாலில், ஓட்டுகிறவர் மூக்கில். லிவரின் பேச்சை வண்டியின் வயிற்றடியில் சுமந்துபோய்க் கியர்பாக்ஸிடம் சேர்க்கிற ராடுக்குப் பக்கத்துணைக்குக்கூட இன்னொன்று கிடையாது. முன்னும் பின்னும் தள்ளினால் நகர வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தால் அதே ராடு உருள வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுத்து, ஆட்டத்துக்கு மட்டும் இடம் கொடுக்காமல் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் புஷ். காபி விலைதான். இதற்குப் போய்க் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் எனக்கு நான்கு இலக்கத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது வருகிற புஷ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கல் மாதிரி இருக்கின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் ராடு உள்ளே போகும்.

என் மனசு நிற்பது புஷ்ஷில் அல்ல. பின்னால், ராடையும் கியர்பாக்ஸின் தண்டையும் இணைக்கிற கப்லிங்கில் இருக்கிற ஸ்க்ரூவில். சதுரத் தலை, கூம்பு முனை. கூம்பு போய் உட்காரத் தண்டில் ஒரு சின்னக் குழி. ஒரு கையால் ராடை மயிரிழை அளவுக்கு உருட்டிக்கொண்டே மறு கையால் திருக வேண்டும். முனை குழியைக் கண்டுகொண்டால் ராடு சட்டென்று அடங்கும். அதற்கப்புறம் எந்தப் பக்கமும் அசையாது. குழி தப்பி வெறும் தண்டின் மேல் இறுகினாலும் அன்றைக்கு எல்லாக் கியரும் விழத்தான் செய்யும். அங்கேதான் ஏமாறுவோம். கடைசியாகத் தலையின் துளை வழியே மெல்லிய கம்பி விட்டு, ஸ்க்ரூ தளரப் பார்த்தால் இழுத்துப் பிடிக்கிற திசையில் முறுக்கிக் கட்ட வேண்டும். நல்ல முறுக்கு, பூக்காரி கட்டிய சரம் மாதிரி, இடைவெளி விடாமல் இருக்கும்.

ஒரு தடவை சோம்பல்பட்டுக் கம்பியை விட்டுவிட்டேன். ஜெர்மனியில் லூனபுர்க் பக்கம் போய்த் திரும்பும்போது லிவர் கையோடு வந்தது, கியர் வரவில்லை. இரண்டாவதிலேயே 30 கிலோமீட்டர். பின்னால் வந்த லாரிக்காரர்கள் சொன்னது எதுவும் காதில் விழாத அளவுக்கு என்ஜின் அலறியது, அந்தமட்டில் நல்லது.

கம்பி எதற்கு, திருகுப் பசை போதும் என்கிறார்கள். பசை பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ரப்பர் கப்லிங்குக்குப் பதில் யூரித்தேன் போட்டால் கியர் கத்தி மாதிரி விழும் என்று இன்னொரு கட்சி. விழும், மறுக்கவில்லை. கூடவே என்ஜினின் நடுக்கமும் ராடு வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். ரப்பர் வைத்தவர்கள் யோசிக்காமல் வைக்கவில்லை. லிவரின் வீச்சைக் குறைக்கும் துண்டுகளை மாட்டுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை. இந்த வண்டியில் அவ்வளவு அவசரமாக எங்கே போகப்போகிறார்கள்?

1990-இல் ஜெர்மனியில் புல்லியின் என்ஜினை முன்னால் கொண்டுவந்தார்கள். இந்த நீள ராடுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிரேசிலில் மட்டும் 2013 கடைசி வரை என்ஜின் பின்னாலேயே இருந்தது.

போன சனிக்கிழமை மறுபடி கீழே படுத்தேன். புது புஷ், புதுக் கம்பி, கை நிறைய கிரீஸ். இரண்டாம் கியரில் போட்டு, லிவர் அடித்தட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தி இறுக்கினேன். அப்புறம் ரிவர்ஸ்: அமுக்கி, இடப்பக்கம் சாய்த்து, பின்னுக்கு இழுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. தூரத்தில், பின் சக்கரங்களுக்கு நடுவே, ‘டக்’ என்று விழுந்தது.