‘தி ஆஃபர்’: தயாரிப்பாளரின் கண்ணில் ஒரு காவியம்

‘தி காட்ஃபாதர்’ படம் உருவான கதையைப் பத்துப் பகுதிகளில் சொல்லும் தொடர் ‘தி ஆஃபர்’. பாராமவுண்ட் பிளஸ் தளத்தில் 2022 ஏப்ரல் 28 அன்று தொடங்கியது. உருவாக்கியவர் மைக்கேல் டோல்கின். முதல் பகுதி உட்படச் சிலவற்றை டெக்ஸ்டர் ஃப்ளெட்சர் இயக்கினார். படத்தின் தயாரிப்பாளர் ஆல்பர்ட் ரட்டியின் அனுபவங்களே தொடருக்கு ஆதாரம். ஒரு படத்தைப் பற்றிய பேச்சில் இயக்குநரும் நடிகர்களும்தான் முன்னால் நிற்பார்கள். இந்தத் தொடர் தயாரிப்பாளரை நடுவில் நிறுத்துகிறது. அதன் தனிச்சுவை அங்கேதான் இருக்கிறது.

பின்னணி இது. மரியோ பூசோவின் நாவல் 1969இல் வெளிவந்து பெருவாரியாக விற்றது. அது முழுமையாக எழுதப்படும் முன்பே திரைப்பட உரிமையைப் பாராமவுண்ட் வாங்கி வைத்திருந்தது. அந்த ஸ்டுடியோ 1966 முதல் சார்லஸ் புளூடோர்ன் தலைமையிலான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் கையில் இருந்தது. படத் தயாரிப்புப் பிரிவைக் கவனித்தவர் ராபர்ட் எவான்ஸ். மாஃபியா கதைகள் ஓடாது என்ற நம்பிக்கை அப்போது ஸ்டுடியோவில் வலுவாக இருந்ததால், சிக்கனமாகப் படமெடுக்கத் தெரிந்தவர் என்று ரட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை இணைந்து உருவாக்கியதே அவருடைய பெரிய அடையாளம்.

இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் நிலையும் அப்போது நெருக்கடியானதுதான். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய அமெரிக்கன் ஜோட்ரோப் நிறுவனம் கடனில் தத்தளித்தது. தயக்கத்தோடுதான் இந்தப் படத்தை ஒப்புக்கொண்டார்; ஏற்ற பிறகு பின்வாங்கவில்லை. நாவலின் பக்கங்களைப் பிரித்துப் பெரிய தாள்களில் ஒட்டி, சுற்றியுள்ள ஓரங்களில் ஒவ்வொரு காட்சிக்கும் அதன் உயிர்நாடி எது, அது எங்கே சறுக்கும் என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பேட்டு வேலையில் கணிசமான பகுதி நார்த் பீச்சில் உள்ள காஃபே ட்ரீஸ்தே என்ற காப்பிக் கடையில் நடந்தது. கடை இன்றும் இருக்கிறது. பே ஏரியா தமிழர்கள் வார இறுதியில் போய் உட்கார்ந்து வரக்கூடிய தூரம்தான்.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு தொடர் என்ன செய்கிறது என்பது கவனிக்கத்தக்கது. காட்ஃபாதரின் புகழ்பெற்ற காட்சிகளை மறுபடி நடித்துக் காட்டுவதில் அதற்கு அக்கறை இல்லை. அந்தக் காட்சிகள் படமாகுமா ஆகாதா என்று முடிவான அறைகளுக்குள் அது நுழைகிறது. கதையை நிகழ்காலத்துக்கு மாற்றி, நியூயார்க் அல்லாத வேறு ஊரில் மலிவாக எடுத்துவிடலாம் என்று ஸ்டுடியோ நினைக்கிறது. கொப்போலா நாற்பதுகளின் நியூயார்க்தான் வேண்டும் என்கிறார். மார்லன் பிராண்டோ வேண்டாம், அல் பசினோவை யாருக்கும் தெரியாது என்கிறது ஸ்டுடியோ. கொப்போலா அசைவதாக இல்லை. ஒவ்வொரு பிடிவாதத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை யாரிடம் பேசி, எதை விட்டுக்கொடுத்து அடைப்பது என்பது ரட்டியின் வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையைச் சலிப்பில்லாமல் பார்க்க வைத்ததே தொடரின் சாதனை.

பிராண்டோவின் ஸ்கிரீன் டெஸ்ட் கதை திரையுலகில் பிரசித்தம். அவ்வளவு பெரிய நடிகரிடம் சோதனைக்கு வாருங்கள் என்று கேட்க முடியாது. ஆகவே சும்மா சில ஷாட்டுகள் எடுத்துப் பார்க்கலாம் என்ற பாவனையில் கொப்போலா சிறு குழுவோடு அவர் வீட்டுக்கே போனார். பிராண்டோ தலைமுடியில் ஷூ பாலிஷ் தடவிக் கருப்பாக்கினார். கன்னங்களுக்குள் காகிதத்தை அடைத்துக்கொண்டார். தோள் தொய்ந்தது, குரல் கம்மியது. நாற்பத்தேழு வயதைத் தொட்டுக்கொண்டிருந்தவர் கிழவர் விட்டோ கார்லியோனே ஆனார். தொடரில் ஜஸ்டின் சேம்பர்ஸ் இந்த மாற்றத்தை அளவோடு செய்கிறார். பிராண்டோவை அப்படியே நகலெடுக்க அவர் முயலவில்லை; ஒரு நடிகர் பாத்திரத்தைத் தேடிப் பிடிக்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் காட்டுகிறார்.

தொடரின் இன்னொரு முனை மாஃபியாவே. கொலம்போ குற்றக்குடும்பத்தின் தலைவர் ஜோ கொலம்போ 1970இல் இத்தாலிய அமெரிக்கர் குடிமை உரிமைக் கழகத்தைத் தொடங்கி, இந்தப் படம் தம் இனத்தை இழிவுபடுத்தும் என்று எதிர்த்தார். ரட்டி அவரை நேரில் சந்தித்துத் திரைக்கதைப் பிரதியைக் கொடுத்தார். பிற்காலத்தில் ரட்டி விரும்பிச் சொன்ன சம்பவம் இது: கொலம்போ கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார், ‘ஃபேடு இன்’ என்றால் என்ன என்று கேட்டார், பிறகு பிரதி ஒவ்வொரு கையாக மாறியது, யாரும் படிக்கவில்லை. கடைசியில் ‘மாஃபியா’ என்ற சொல்லை நீக்குவதாக உடன்பாடு. திரைக்கதையில் அது வந்த இடமே சொற்பம் என்பதால் படத்துக்கு இழப்பில்லை. ஜியோவான்னி ரிபீசி கொலம்போவை அடித்தொண்டைக் குரலிலும் தளர்ந்த நடையிலும் நிறுத்தி, அச்சமும் அன்பும் கலந்த ஒரு மனிதராக்குகிறார். 1971 ஜூன் 28 அன்று கொலம்பஸ் சர்க்கிள் பேரணியில் கொலம்போ சுடப்பட்டார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. திரைக்கதையும் வாழ்க்கையும் இவ்வளவு நெருங்கி நின்ற தருணம் சினிமா வரலாற்றில் அரிது.

நடிப்பில் உச்சம் மாத்யூ குட்டின் ராபர்ட் எவான்ஸ். வெயிலில் பழுத்த நிறம், பெரிய கண்ணாடி, வார்த்தையை மென்று துப்பும் பேச்சு என்று தோற்றத்தைப் பிடித்ததோடு அவர் நிற்கவில்லை. மனைவி அலி மெக்ரா பிரிந்துபோகும் கட்டத்தில் அந்தப் பளபளப்பு முழுக்க உதிர்வதையும் காட்டுகிறார். மைல்ஸ் டெல்லர் ரட்டியாகவும், டான் ஃபோக்ளர் கொப்போலாவாகவும், பாட்ரிக் காலோ பூசோவாகவும் நடிக்கிறார்கள். கொப்போலாவும் பூசோவும் சமைத்துச் சாப்பிட்டுச் சண்டையிட்டு எழுதும் பகுதிகள் தொடரிலேயே மிக இதமானவை. ரட்டியின் உதவியாளர் பெட்டி மெக்கார்ட்டாக ஜூனோ டெம்பிள் வருகிறார். அலுவலகத்தின் பாதிச் சிக்கலைத் தொலைபேசியிலேயே தீர்க்கும் அந்தப் பாத்திரம், பெயர் அட்டைகளில் இடம்பெறாத எத்தனையோ பேருக்குச் செய்யப்பட்ட மரியாதை.

குறைகளும் உண்டு. கதை ரட்டியின் பார்வையில் வருவதால் எல்லாப் பூட்டுக்கும் அவரிடமே சாவி இருக்கிறது. எவான்ஸின் நினைவுக்குறிப்பும் கொப்போலாவின் பேட்டிகளும் இதே நிகழ்ச்சிகளை வேறு விதமாகச் சொல்கின்றன. காலின் ஹாங்க்ஸ் நடிக்கும் பாரி லாப்பிடஸ் என்ற நிறுவன அதிகாரி கற்பனைப் பாத்திரம். தயாரிப்பு அலுவலகத்துக்கு வெளியே நடந்த கலைப் பணிகளுக்கும் போதிய இடமில்லை. படத்தின் உணவகக் காட்சியில் மைக்கேல் துப்பாக்கியை எடுக்கும் முன் திரையில் தெரியாத ரயிலின் கிறீச்சொலி ஏறுகிறதே, அது வால்டர் மர்ச்சின் ஒலிக்கலை. மைக்கேலின் மனம் கிழிபடுவதை அந்த ஒலி சொல்கிறது. அத்தகைய நுட்பத்தை அறியக் காட்ஃபாதரையேதான் மறுபடி பார்க்க வேண்டும்.

படத்தின் தடங்கள் அமெரிக்கத் தமிழர்கள் வாழும் பகுதிகளிலும் பதிந்திருக்கின்றன. நாணலுக்கு நடுவே நின்ற காரில் பாலி சுடப்படும் காட்சி நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் எடுக்கப்பட்டது. தொலைவில் சுதந்திர தேவி சிலை தெரியும். படுக்கையில் கிடக்கும் குதிரைத் தலையும் நியூ ஜெர்சியிலிருந்து வந்ததுதான். நாய் உணவு தயாரிக்கும் ஆலையிலிருந்து வாங்கப்பட்ட உண்மையான தலை அது.

இந்த வகையில் முன்னோடிகள் உண்டு. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ உருவானதை எச்பிஓவின் ‘ஆர்கேஓ 281’ 1999இலேயே சொன்னது. அது இயக்குநருக்கும் பத்திரிகை முதலாளிக்கும் நடந்த மோதல். பத்துப் பகுதிகள் கிடைத்ததால் ‘தி ஆஃபர்’ தயாரிப்பின் அன்றாடத்துக்குள் இறங்க முடிந்தது. தமிழிலும் இதற்கு விஷயம் ஏராளம். காட்ஃபாதரின் தாக்கம் தெரியும் ‘நாயகன்’ 1987இல் வந்தது. எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ ஆண்டுக்கணக்கில் படமாகி, இயக்குநர் டி.ஜி.ராகவாச்சாரி விலகிய பின் வாசனே இயக்கி, 1948இல் திரைக்கு வந்தது. அந்தப் படத்தின் முரசு நடனத்துக்குப் பின்னால் இருந்த செலவுக் கணக்கும் பிடிவாதமும் ஒரு நல்ல தொடருக்குப் போதும்.

1973 ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகர், தழுவல் திரைக்கதை ஆகிய மூன்று விருதுகளைக் காட்ஃபாதர் பெற்றது. சிறந்த படத்துக்கான விருதை வாங்கியவர் ரட்டி. ‘மில்லியன் டாலர் பேபி’ வழியாக அதே விருதை அவர் மீண்டும் பெற்றார். 2024 மே மாதம் காலமானார். ஒரு தயாரிப்பாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்பவருக்குக் காட்ட அவர் வாழ்நாளிலேயே ஒரு தொடர் வந்துவிட்டது.