வேலையை விட்டுப் போகும்போது

இளைஞர்கள் ஒரு வேலையில் நிலைப்பதில்லை என்று குறைப்படாத நிறுவனம் இன்று இல்லை. அதற்கு எங்கும் சொல்லப்படும் மருந்து, வேலைக்கு ஓர் உயர்ந்த நோக்கமும் நல்ல பணிப் பண்பாடும். இதை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நடைமுறையில் வைத்திருக்கும் இடம் மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை. இந்த மருந்தின் பலத்தையும் பக்கவிளைவையும் அங்கே ஒருசேரக் காணலாம்.

அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பு யாருக்கும் வரக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் அந்த நோக்கத்தை அன்றாடம் சுமப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர். பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அவர்கள். நோயாளிகளுக்கு அவர்கள் ‘சிஸ்டர்’. மருத்துவமனை அவர்களிடம் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் தங்குமிடமும் தந்து, இரண்டாண்டு பயிற்சி அளிக்கிறது. மதிப்பெண்ணைவிட மனப்பாங்கைப் பார்த்தே தேர்வு செய்கிறது.

அறுவை அரங்கில் ஒரு மேசையில் கண்புரை நீக்கம் நடக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைச் சிஸ்டர்கள் தயார்செய்து வைத்திருப்பார்கள். மருத்துவர் திரும்பினால் போதும். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகள் வரை செய்ய முடிவது இதனால்தான். மறுநாள் காலை கட்டை அவிழ்க்கிறார்கள். ஊரில் நடந்த கண் சிகிச்சை முகாமிலிருந்து பேருந்தில் வந்த பாட்டி, முந்தின நாள் தன் கையைப் பிடித்து நடத்திச் சென்ற பெண்ணின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு இதைவிடத் தெளிவாகத் தன் வேலையின் பயனை யாரும் காட்டிவிட முடியாது. இந்த முறையின் முதல் பலம் இதுதான்: நோக்கம் சுவரொட்டியில் இல்லை, வேலையின் விளைவிலேயே இருக்கிறது. சிறு வயதிலேயே பெரிய பொறுப்பை நம்பி ஒப்படைப்பது இரண்டாவது பலம். பணம் கட்டுபவருக்கும் கட்ட முடியாதவருக்கும் அதே மருத்துவர்கள்தான் சிகிச்சை செய்கிறார்கள். சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பதை இளையவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, மாதமொரு கொண்டாட்டமும் ஓய்வறையில் கேரம் பலகையும் வைத்துப் ‘பண்பாடு’ வளர்க்கும் அலுவலகங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. பலர் சில ஆண்டுகளில் திருமணமாகி விலகிவிடுகிறார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிய அணி வருகிறது. குறைந்த செலவில் நிறைய சிகிச்சை என்ற கணக்கு, ஓரளவேனும் இந்தச் சுழற்சியில் நிற்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. விடுதிக் கட்டுப்பாட்டை நம்பித்தான் பெற்றோர் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கை பெண்ணின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் தருகிறது? சேவை என்ற சொல்லுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. சம்பளத்தைப் பற்றிக் கேட்பதே சுயநலம் என்று ஓர் இளம்பெண் கூசும் நிலை வந்துவிட்டால், நோக்கமே அவள் வாயை அடைத்துவிடும்.

இதே போன்ற கிராமங்கள், இதே வயது, இதே விடுதி, இதே பெற்றோர் நம்பிக்கையை வைத்துத்தான் கொங்கு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ நடந்தது. மூன்றாண்டு உழைத்தால் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. நடுவில் விலகினால் அது கைக்கு வருமா என்பது நிச்சயமில்லை. அடைபட்ட வாழ்க்கையும் மிகையான வேலை நேரமும் பற்றிய அறிக்கைகள் ஏராளம். ஊழியரைத் தக்கவைத்தது மட்டுமே வெற்றி என்றால் அந்த ஆலைகளும் வென்றவைதான். அதனால் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதைவிட, விலகுகிறவள் எதைக் கொண்டு போகிறாள் என்பதே எனக்கு முக்கியமான அளவுகோல். ஆலைப் பெண் கொண்டுபோனது, கிடைத்திருந்தால், செலவாகிவிடும் பணம். சிஸ்டர் கொண்டுபோவது கண்ணைப் பரிசோதிக்கவும், கண்ணாடியின் பவரைக் கணிக்கவும், பயந்த நோயாளியிடம் பேசவும் தெரிந்த திறமை. இந்த வேறுபாடு மிகப் பெரிது.

அந்தத் திறமை வெளியிலும் செல்லுபடியாக வேண்டும். மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் படிப்பு, பதிவு ஆகியவற்றுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான வரையறைகளைக் கொண்டுவர வழிசெய்தது. நிறுவனத்துக்குள்ளேயே கற்றவர்கள் அந்தப் பதிவுக்குள் வர வழி செய்வது, வாழ்த்து மடல்களைவிடப் பெரிய மரியாதை. உள்ளேயும் ஏணி வேண்டும். எவ்வளவு தேர்ந்தாலும் சிஸ்டர் மருத்துவராக முடியாது. ஆனால் தலைமை வேறு வழியில் கிடைக்கலாம். சிற்றூர்களில் அரவிந்த் நடத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட விஷன் சென்டர்களில் சிஸ்டர்கள்தான் கண்ணைப் பார்க்கிறார்கள், மருத்துவர் இணையம் வழியாக ஆலோசனை சொல்கிறார். திருமணமாகி ஊரோடு தங்கிவிட்ட பழைய சிஸ்டர்களைத் தேடி அழைத்து, அவர்கள் குழந்தைக்கு ஏற்ற வேலை நேரமும் அனுபவத்துக்கு ஏற்ற சம்பளமும் தந்து, அந்த மையங்களை அவர்கள் பொறுப்பில் விடலாம். அதற்கான இடமும் கருவியும் ஏற்கெனவே இருக்கின்றன.