வீட்டுக்கு ஒரு பிரதி

பழைய புத்தகக் கடைகளில் இன்னும் எப்போதாவது கையில் தட்டுப்படும் பொருள் ஒன்று உண்டு: வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதை. கெட்டி அட்டை, காலிகோ முதுகு, அதில் மையால் எழுதிய கதைப்பெயர். உள்ளே புரட்டினால் அத்தியாயத்தின் மறுபக்கத்தில் பாதி நகைச்சுவைத் துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம், வேறொரு கதையின் வால். பைண்டரின் கத்தி ஓரத்தை ஒட்ட வெட்டியதில் சில வரிகளுக்குக் கடைசி எழுத்து இருக்காது. நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். இரவல் வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அதே நாவல் பிழை திருத்தி, நல்ல தாளில் புத்தகமாக வந்த பிறகும் பல வீடுகள் இந்தத் தையல் கட்டை எடைக்குப் போடாமல் பரணில் வைத்திருந்தன. வாரம் ஒரு பிரதி வாங்கி, வீட்டார் எல்லோரும் முறை வைத்து வாசித்த ஒரு பழக்கத்தின் எச்சம் இது. அந்தப் பழக்கம் தமிழ் நாவலைக் கெடுத்தது என்பது க.நா.சு. காலம் தொட்டு நம் விமர்சகர்களில் பலர் சொல்லிவரும் தீர்ப்பு. தீர்ப்பில் பாதி சரி. குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

குற்றப்பத்திரிகையின் முதல் வரி எப்போதும் 'தொடரும்' என்ற சொல்லில் தொடங்கும். ஒவ்வொரு வாரமும் கதவு தட்டப்படும் சத்தத்தோடோ, இருட்டில் தெரியும் உருவத்தோடோ முடிய வேண்டும். அடுத்த வாரம் தட்டியது பால்காரன் என்று தெரிந்தாலும் பாதகமில்லை. பக்கத்தை நிரப்ப வேண்டும். மறந்தவருக்கு நினைவூட்ட வேண்டும். கதை நன்றாகப் போனால் நீட்ட வேண்டும். இவை எல்லாம் உண்மை. 'பொன்னியின் செல்வ'னை இன்று ஐந்து பாகமும் சேர்த்து ஒரே மூச்சில் வாசிப்பவர் இதை உணராமல் இருக்க முடியாது. சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்கள், நேயர்களைக் கூப்பிட்டுப் பேசும் இடங்கள், சுரங்கப்பாதையும் ஒட்டுக்கேட்டலும் அலுக்கும் அளவுக்கு வரும் இடங்கள். ஆனால் அந்த நாவல் ஒரே மூச்சுக்கு எழுதப்பட்டதல்ல. 'கல்கி'யின் 1950 அக்டோபர் 29 இதழில் தொடங்கி 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஓடியது. தொடங்கிய தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகமும் பள்ளியும் இல்லாத நாளை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கதைகள் வீட்டுக்குள் வந்தன. மூன்று ஞாயிறு இடைவெளியில் சொல்லப்படும் நினைவூட்டல், மூன்று மணி நேர இடைவெளியில் படிப்பவருக்குக் கூறியது கூறலாகிறது. குழம்பில் போட்ட உப்பை வெறும் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு கரிக்கிறது என்பதைப் போல.

கொக்கியைவிட முக்கியம் இடைவெளி. மனத்தை உலுக்கும் நாவலுக்கு ஒரு வாரம் என்பது வெறும் காத்திருப்பு அல்ல, அது வேலை செய்கிற காலம். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' 'சுதேசமித்திர'னின் வாரப் பதிப்பில் தொடராக வந்தது. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவுக்காக பாபு ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருப்பதுதான் அதன் சாரம். கும்பகோணத்துத் தெருக்கள், ரங்கண்ணாவின் தம்பூரா, பக்கத்து வீட்டுக் கிழவரின் இளம் மனைவி தங்கம்மா வந்து போன இரவும் அவளுடைய சாவும் எல்லாம் அந்த எரிச்சலின் மேல் படியும் சாம்பல்தான். இதை இரண்டு நாளில் முடிக்கும் வாசகர் பாபுவின் பொறுமையைத் தகவலாகத் தெரிந்துகொள்கிறார். வாரவாரம் படித்தவர் அதில் கொஞ்சத்தைத் தானும் பட்டிருப்பார். தங்கம்மாவின் சாவைப் படித்துவிட்டு ஏழு நாள் அரிசி களைந்து, பேருந்துக்கு நின்று, சம்பளக் கவரைப் பிரித்தவருக்கு அந்தச் சாவு வேறு எடை கொண்டது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' இலக்கியத் தராசில் 'மோகமுள்' பக்கம் வைக்கத் தகுந்ததல்ல. இலட்சியம் சற்றுத் தூக்கலான கதை. ஆனாலும் 1960-இல் அது 'கல்கி'யில் வந்தபோது அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வீடுகள் உண்டு. கதையில் அரவிந்தன் செத்துப்போகிறான். செத்தவன் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இடுவது நாம் தாத்தாவுக்குச் செய்வது. வாரவாரம் வீட்டுக்கு வந்து போனவன் உறவாகிவிட்டான் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த வீட்டைப் பார்க்கலாம். குடும்பமே கூடி வாசித்தது என்று இப்போது ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். பிரதி ஒன்று, கைகள் ஐந்தாறு. வரிசை ஒன்று இருந்தே தீரும். அது பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தியின் வரிசைதான். சம்பாதிப்பவர் முதலில், படிக்கிற பிள்ளைகள் பிறகு, சமையலறையை ஒழித்துவிட்டு வருகிறவள் கடைசியில், அதற்குள் முடிவை யாராவது உளறியும் இருப்பார்கள். இன்னொன்றும் உண்டு: காசு கொடுத்து வாரம் தவறாமல் இதழ் வாங்க முடிந்த வீடுகள் பெரும்பாலும் மாதச் சம்பள வீடுகள். மற்றவர்கள் சலூன் பெஞ்சிலும் தேநீர்க் கடையிலும் ஊர் நூலகத்திலும் படித்தார்கள். ஆகவே 'தமிழ்க் குடும்பம்' என்று பொதுவில் பேசுவது கூடுதல் சலுகை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஒரே கதையை, ஒரே அளவு தெரிந்து, ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள் அத்தனை பேரும். அடுத்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பேசலாம். மோகனா செய்தது சரியா என்று 'தில்லானா மோகனாம்பா'ளை வைத்து மாமியாரும் மருமகளும் வாதாடினால், அது மோகனாவைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல என்று இருவருக்கும் தெரியும். நேரடியாகச் சொன்னால் சண்டையில் முடியும் சொல் கதாபாத்திரத்தின் மேல் ஏறிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். தொலைக்காட்சித் தொடர் இதே வேலையைச் செய்கிறதே என்று கேட்கலாம். தினமும் வருவதால் பேச இடம் விடுவதில்லை. கண்ணை எடுக்கவும் விடுவதில்லை.

பழுது தொடங்குவதும் இதே இடத்தில்தான். எல்லோரும் படிப்பார்கள் என்றால், எல்லோர் முன்னிலையிலும் சொல்லக்கூடியதைத்தான் எழுத முடியும். 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த 'ஆனந்த விகடன்' முதல் பின்னால் வந்த வார இதழ்கள் வரை, குடும்பப் பத்திரிகை என்ற பெயர் ஒரு பெருமை. எழுதுகிறவனுக்கு அதுவே வேலி. எந்த இடத்தில் வேலி என்பதுதான் சுவாரசியம். கல்கியின் 'தியாக பூமி' 1938-39-இல் விகடனில் திரைப்படத்தின் நிழற்படங்களோடு தொடராக வந்தது. அதன் சாவித்திரி கணவனோடு வாழ மறுக்கிறாள். விவகாரம் நீதிமன்றம் வரை போகிறது. அந்தக் காலத்துக்கு அது சாதாரணக் கலகமல்ல. வீடு அதை ஏற்றுக்கொண்டது. 1966-இல் அதே விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட பெண்ணை, தாய் தலையில் தண்ணீரைக் கொட்டி, அழுக்குப் போயிற்று என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை, எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. மனைவி புருஷனை விட்டுப் போகலாம், அவள் கற்பில் பழுதில்லாத வரை. கற்பே ஒரு குடம் தண்ணீரில் கழுவி முடிகிற விஷயம் என்று சொல்லக்கூடாது. 'தொடரும்' என்ற சொல் இந்த எல்லையைப் போடவில்லை. போட்டது வாசலில் பிரதியை வாங்கிக்கொண்ட கை. வீட்டுக்கு வெளியே தெருவும் கை நீட்டியதுண்டு: சுஜாதாவின் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' சாதி சார்ந்த எதிர்ப்பால் 'குமுத'த்தில் பாதியில் நின்று, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில்தான் வர முடிந்தது.

அப்படியானால் 'மோகமுள்' எப்படி வந்தது என்ற கேள்வி நியாயமானது. யமுனாவும் பாபுவும் கடைசியில் சேரும் இடம் எந்த மாமியாரும் மருமகளும் உரக்கப் பேசக்கூடியதல்லவே. வேலி எல்லா இதழிலும் ஒரே உயரத்தில் இல்லை என்பது ஒரு பதில். ஜானகிராமனின் நடை மறு பதில்: அவர் சொல்லாமல் விட்டதை வயது வந்தவர் புரிந்துகொள்வார், மற்றவர் தாண்டிப் போய்விடுவார். வேலி இருந்ததால் கற்றுக்கொண்ட நடை அது என்றுகூட வாதிடலாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். சிறுபத்திரிகையே சரியான வழி என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 'சரஸ்வதி'யில் தொடராகத் தொடங்கியது. இதழ் நின்றது, கதையும் நின்றது. முழு நாவலாக வெளிவந்தது 1966-இல். சுதந்திரம் இருந்த இடத்தில் அடுத்த இதழ் வருமா என்ற நிச்சயம் இல்லை. அடுத்த வாரம் நிச்சயம் வந்த இடத்தில் சுதந்திரம் குறைவு.

இன்று பெட்டியில் அடைத்த ஐந்து பாகங்களை விடுமுறைக்கு வாங்கி, தனியறையில் முடித்துவிடுகிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை; முடிவை உளறிவிடுவார்களே என்ற பயமும் இல்லை. எழுத்தாளனுக்கு இது நல்ல காலம், சந்தேகமில்லை. பழைய வடிவம் அடியோடு போய்விடவும் இல்லை: சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' நூறு வாரங்களுக்கு மேல் விகடனில் ஓடியது. 'பொன்னியின் செல்வ'னுக்குப் படம் வரைந்த மணியத்தின் மகன் மணியம் செல்வன் அதற்கு வரைந்தார். எனினும் அதைப் படித்தவர்களில் பலர் அவரவர் கைப்பேசியில் படித்தார்கள். வாரம் இருந்தது, கைமாறும் பிரதி இல்லை.

கைமாறும் பிரதி என்ன செய்யும் என்பதை ஒரு நாவலே தனக்குள் வைத்திருக்கிறது. 'அக்னிப் பிரவேச'த்துக்கு வந்த கோபத்துக்குப் பதிலாக ஜெயகாந்தன் அதே பெண்ணை மறுபடி எடுத்தார். இம்முறை தாய் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஊர் கேட்கக் கூச்சல் போடுகிறாள், அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். 'காலங்கள் மாறும்' என்று 'தினமணி கதி'ரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமாகி, 1972-இன் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. படித்து, வேலைக்குப் போய், யாரோடும் ஒட்டாமல் வாழும் கங்கா ஒரு நாள் வாரப் பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள். தன் கதை. முடிவு மட்டும் வேறு. இத்தனை ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தும் அன்று நடந்ததைப் பற்றித் தாயிடம் அவளால் கேட்க முடிந்ததில்லை. இப்போதும் அவள் கேட்கவில்லை. பத்திரிகையை அம்மா படிக்கும்படி செய்கிறாள்.