தட்டினால் போகும் காசு

ஆசிரியர்களே, நம் மாணவர்கள் விரும்பி ஆடும் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் வேகத்தையும் வண்ணத்தையும் தாராளமாகப் பாராட்டலாம். ஆனா, அதன் பொத்தான்களை அமைத்த விதம்தான் சரியில்லை.

உறக்கநிலையில் இருந்த விளையாட்டை எழுப்பப் பொத்தானைத் தட்டினாலே பணம் போனது. ஒரு பொருளைச் சும்மா பார்க்கும்போது பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலும் அதே கதைதான். வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டவர்களின் விளையாட்டுக் கணக்கு முடக்கப்பட்டது. இவை அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டுகள். 2022 டிசம்பரில் எப்பிக் கேம்ஸ் நிறுவனம் 245 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

பிள்ளை கவனமில்லாம தட்டிடுச்சுன்னு திட்டுகிறோம். தட்ட வைத்த அமைப்பை விட்டுவிடுகிறோம்.

வகுப்புக்குச் செயலி தேர்ந்தெடுக்கும்போது பாடத்தோடு இந்த மூன்றையும் சோதியுங்கள். தவறாகத் தட்டினால் உடனே திரும்ப முடிகிறதா? ‘வேண்டாம்’ பொத்தான் ‘சரி’ அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? கணக்கை நீக்குவது, திறப்பதைப் போலவே சுலபமா?

நாம் “அழுத்து” என்றால் பிள்ளைகள் யோசிக்காமல் அழுத்துவார்கள். நம் மேல் வைத்த நம்பிக்கை அது. இந்த மூன்றில் தேறாத செயலியை, பாடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.