ஒரே ஷாஃப்ட், ரெண்டு வேலை: ஈ-டைப்பின் பின்பக்கம்

1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் மால்கம் சேயர் வரைஞ்ச நீள மூக்கோட நின்னுடுவாங்க. நான் பார்க்கச் சொல்றது பின்பக்க அடிவயிறு. பாப் நைட் வடிவமைத்த சஸ்பென்ஷன் அது. அதன் சொகுசைப் பாராட்டாத ஆள் இல்லை. ஆட்டம் வந்தால் எங்கேயிருந்துன்னு கண்டுபிடிக்கிறது ஏன் இத்தனை சிரமம் என்பதைத்தான் யாரும் பேசுறதில்லை.

காரணம் ஒன்றுதான். இதில் ஆக்ஸில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்கலை, சஸ்பென்ஷனின் மேல்கையும் அதுவேதான். கீழே ஒரு விஷ்போன், முன்பின் பிடிக்க ஒரு ரேடியஸ் ஆர்ம், மேலே இந்தச் சுழலும் ஷாஃப்ட். சிக்கனமான யோசனை, மறுக்கலை. ஆனா யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் தேய்ஞ்சா, சத்தத்தோட விட்டுடாது. சக்கரத்தோட சாய்வே ஆடும். நேராகப் போகும்போது வண்டி எடை ஷாஃப்டை உள்ளே அழுத்தி ஆட்டத்தை மூடி வைக்கும். வளைவில் வெளிச்சக்கரத்தில் அந்த விசை திரும்பும்போது 'டக்'.

அந்த 'டக்'கைக் கேட்டதும் "டிஃபரன்ஷியல் போச்சு"ன்னு சொல்றது எனக்கு ஒப்பாத பழக்கம். டிஃபரன்ஷியலைக் கழற்ற, பின்பக்கக் கூண்டு முழுசையும் இறக்கணும். அதுக்கு முன்னாடி செய்யவேண்டியது ரொம்ப எளிது. காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்க. இன்னொருத்தர் உள்ளே பார்க்கணும். சக்கரம் மட்டும் ஆடி, ஹப் கேரியர் அசையலைன்னா ஹப் பேரிங். டயல் கேஜ் வைத்தால் 0.002 முதல் 0.006 அங்குலம் வரை இருக்கலாம், அதுக்கு மேல் கூடாது. கேரியரும் சேர்ந்து ஆடினால் கிராஸ், இல்லாட்டி கீழ் பிவட். பிரேக் டிஸ்க்கே உள்ளும் வெளியும் நகர்ந்தால்தான் டிஃபரன்ஷியலின் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகம். கம்பிச் சக்கரம் என்றால் ஹப் ஸ்ப்ளைன் தேய்மானத்தையும் பார்த்துடுங்க. பிரேக்கை யாராவது மிதிச்சுப் பிடிக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினால் தெரிஞ்சுடும்.

ஷாஃப்டின் உள்முனையைப் பிடிக்கும் நாலு நட்டை மறக்கக்கூடாது. அங்கேதான் சக்கரச் சாய்வைச் சரிசெய்யும் ஷிம்களும் இருக்கு. அந்த நட்டுகள் தளர்ந்தாலும் அதே 'டக்' வரலாம், ஒரு ஸ்பானரோட வேலை முடிஞ்சுடும்.

வடிவமைப்பில் எனக்கு உண்மையான மனக்குறை வேற. பிரேக்கை டிஃபரன்ஷியலோட ஒட்டி உள்ளே வைத்தது. சூடு ஆயில் சீலைக் காயவைக்கும், கசியும் எண்ணெய் டிஸ்க்கில் படும். அவுட்புட் பேரிங் தளர்ந்தால் டிஸ்க் அசைந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வளைவு முடிஞ்சு பிரேக் மிதிச்சா பெடல் வழக்கத்தைவிட ஆழமா போகுதா, ரெண்டாவது மிதியில் சரியாகுதா? அப்போ பிரேக்கை ஆராயறதோட நிறுத்தாம, அந்த டிஸ்க்கைக் கையால் இழுத்துப் பாருங்க.